பற்றுதலும் அவிதலும்: கொங்கு வழியில் ஆதி பௌத்தச் சொற்கள்

சேலம் பெரியேரியில் உள்ள தலைவெட்டி முனியப்பன் கோயிலின் சிலை யாருடையது என்ற வழக்கு 2011இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. தொல்லியல் துறையினர் நேரில் பார்த்து அறிக்கை தரவேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அவர்கள் பார்த்தது இது: கடினமான கல்லில் செதுக்கிய சிலை. தாமரைப் பீடத்தின்மேல் அரைப் பத்மாசனத்தில் அமர்ந்த உருவம். மடியில் தியான முத்திரையில் கைகள். உடலில் மேலாடை. சுருள்முடி, உச்சியில் உஷ்ணீஷம் என்னும் புடைப்பு, நீண்டு தொங்கும் காது மடல்கள். நெற்றியில் இருக்கவேண்டிய ஊர்ணை என்னும் சுழி மட்டும் தெரியவில்லை. தலை உடலிலிருந்து துண்டிக்கப்பட்டு, பின்னாளில் சிமெண்டும் சுண்ணாம்பும் குழைத்துச் சரியாகப் பொருந்தாமல் ஒட்டப்பட்டிருந்தது. இது புத்தர் சிலைதான் என்று 2022 ஜூலையில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார். இடத்தைத் தொல்லியல் துறை தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும், புத்தர் சிலை என்று அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும், மக்கள் வந்து பார்க்கலாம், பூசை முதலியவை கூடாது என்பவை தீர்ப்பின் கட்டளைகள். அதை முனியப்பனாகவே வைத்துத் தொடர்வது பௌத்தக் கொள்கைக்கு விரோதம் என்பது அதற்குச் சொன்ன காரணம்.

சிலையை அடையாளம் காண இலக்கணம் இருக்கிறது. காதும் முடியும் கையும் சாட்சி சொல்கின்றன. கொள்கையை அடையாளம் காண்பது எப்படி? துக்கம், கர்மா, நிர்வாணம், தர்மம் என்று நாம் நாள்தோறும் கேட்கும் சொற்கள் புத்தர் வாயில் என்ன பொருளில் நின்றன? இந்தக் கேள்விக்குத் தமிழிலேயே, அதுவும் கொங்கு வழியாக நடந்துபோன ஒரு கதையிலேயே, விடை இருக்கிறது என்பது என் துணிபு.

முதலில் ஓர் எச்சரிக்கை. சேலம் மாவட்டத்திலேயே ஆத்தூர் வட்டம் தியாகனூரில் புத்தர் சிலைகள் இருக்கின்றன. ஊரார் அவற்றைப் புத்தராகவே அறிந்து போற்றுகிறார்கள். அதனால் கொங்கு முழுவதும் பௌத்த நாடாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. கல்லும் ஏடும் பேசுவது பெரும்பாலும் சமணத்தைப் பற்றி. புகளூர் ஆறுநாட்டார் மலைக் குகையில் சேர இளவரசன் கல் படுக்கை வெட்டித் தந்தது செங்காயபன் என்ற சமண முனிவருக்கு. பெருங்கதை பாடிய கொங்குவேளிர் விஜயமங்கலத்துக்காரர், நன்னூல் செய்த பவணந்தி சீனாபுரத்துக்காரர், இருவரும் சமணர். அரச்சலூர்க் குகையில் இசைக் குறிப்பைப் பொறித்தவர் பெயர் சாத்தன் என்று இருப்பதைப் பார்த்ததும் பௌத்தர் என்று முடிவுகட்டுவோர் உண்டு. சாத்தன் அக்காலத்தில் எல்லாரும் வைத்துக்கொண்ட பெயர். முனியப்பன் கோயில்களையெல்லாம் புத்தர் கோயில் என்று சொல்வதும் அதே அவசரம்தான். தீர்த்தங்கரருக்கும் புத்தருக்கும் சுருள்முடியும் தொங்கு காதும் பொது. ஆடை உண்டா, தலைக்குமேல் முக்குடை உண்டா, இரு பக்கமும் சாமரம் வீசுவோர் உண்டா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் வேறுபாடு பிடிபடும். பெரியேரிச் சிலையில் நெற்றிச் சுழி தெரியவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதிய அந்த அறிக்கையின் நிதானம் நமக்கும் வேண்டும்.

ஆனால் கொங்கு ஒரு வழிநாடு. முசிறித் துறையில் இறங்கிய சரக்கு பாலக்காட்டுக் கணவாய் ஏறி நொய்யல் கரையைப் பிடித்துக் கிழக்கே போனது. வெள்ளலூரில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளும், கொடுமணலில் தோண்டியெடுத்த இரும்பு உருக்கும் கல்மணித் தொழிலும், தமிழ்ப் பிராமிப் பானையோடுகளில் தமிழ்ப் பெயரோடு கலந்து வரும் பிராகிருதப் பெயர்களும், கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த சேரர் காசுகளும் அந்த வழியின் தடங்கள். சுண்டக்காமுத்தூர் அருகே இராசகேசரிப் பெருவழி என்று பெயர் பொறித்த கல்வெட்டு பிற்காலத்திலும் அது நடமாட்டத்தில் இருந்ததைக் காட்டுகிறது. வணிகரோடு துறவிகளும், துறவிகளோடு வாதங்களும் இப்படிப்பட்ட வழிகளில்தான் நடந்தன.

அந்த வழியின் தலைநகர் வஞ்சி. மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் தம் காவியத் தலைவி மணிமேகலையை வஞ்சிக்கு அனுப்புகிறார். சங்க கால வஞ்சி கரூரா, கொடுங்கல்லூரா என்பது பழைய வழக்கு. கரூரே என்று வாதிட ‘வஞ்சிமாநகர்’ என்று தனி நூலே எழுதினார் ரா. இராகவையங்கார். புகளூர்க் கல்வெட்டையும் அமராவதிக் காசுகளையும் சேர்த்துப் பார்க்கையில் எனக்கும் கரூரின் பக்கமே கனமாகத் தெரிகிறது. எப்படியானாலும் காவிரிப்பூம்பட்டினத்துக்காரர் மேல்கடல் நோக்கிப் போகும் வழி கொங்கின் வழிதான்.

வஞ்சியில் மணிமேகலை மாதவன் வடிவெடுத்துச் சமயக் கணக்கர்களிடம் போகிறாள். இளம்பெண் என்றால் மதித்துச் சொல்லமாட்டார்கள் என்பதற்காக இந்த மாற்றுருவம். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன், பூதவாதி என்று பத்துப் பேர் தத்தம் கொள்கையை விளக்குகிறார்கள். அவள் பொறுமையாகக் கேட்கிறாள். கண்ணால் காண்பது ஒன்றையே ஒப்புவேன் என்ற பூதவாதியிடம் மட்டும் திருப்பிக் கேட்கிறாள்: உன் தாய் தந்தையரை நீ அறிந்தது கருதலால் அல்லாமல் வேறு எதனால்? அதே நகரில் தன் பாட்டன் மாசாத்துவானையும் காண்கிறாள். கோவலனின் தந்தையான அவர் பௌத்தத் துறவியாக அங்கே இருக்கிறார். தன் குலத்தில் ஒன்பது தலைமுறைக்கு முன் கோவலன் என்றே பெயர் கொண்ட முன்னோர் ஒருவர் சேர மன்னனின் நண்பர் என்றும், அறவோர் சொல் கேட்டுத் தம் பொருளையெல்லாம் கொடுத்து வஞ்சியில் புத்தருக்குச் சயித்தம் எடுப்பித்தார் என்றும் சொல்கிறார். காவியம் சொல்லும் செய்தி இது. அகழாய்வு இன்னும் அதைத் தொடவில்லை. ஆனால் வஞ்சியில் பௌத்தம் வேரூன்றியிருந்ததாகச் சொன்னால் தம் காலத்து வாசகர் நம்புவார் என்று சாத்தனார் நினைத்திருக்கிறார். அதுவே பெரிய சான்று.

வஞ்சியில் பிற வாதங்களைக் கேட்டவள் காஞ்சிக்குப் போய் அறவண அடிகளிடம் புத்த அறத்தைக் கேட்கிறாள். கடைசி இரண்டு காதைகள் அதற்கு உரியவை. 29ஆம் காதையின் அளவையியல் பிற்காலத்தது, திக்நாகர் மரபைச் சார்ந்தது. ஆதி பௌத்தம் தேடுவோர் அதை ஒதுக்கி வைத்துவிடலாம். 30ஆம் காதை அப்படியல்ல. பாலி நிகாயங்களில் நாம் காணும் பழைய உள்ளீடு அங்கே தமிழில் இருக்கிறது. நிகாயங்கள் வாய்மொழியாக வந்து கி.மு. முதல் நூற்றாண்டில் இலங்கையில் ஏட்டில் ஏறியவை. அவற்றுக்கு உரை செய்தோரிலும் தமிழ்நாட்டுத் தொடர்பு அதிகம். காவிரிப்பட்டினத்தில் இருந்து எழுதிய புத்ததத்தர் ஓர் எடுத்துக்காட்டு. சாத்தனாரின் சொற்கள் காற்றில் பிறந்தவையல்ல.

தொடக்கம் துக்கத்தில். இதைச் சாத்தனார் வைத்திருக்கும் இடம் கவனிக்கத்தக்கது. இரண்டாம் காதையில் இந்திர விழாவுக்கு ஆட வரவில்லையே என்று மணிமேகலையின் தாய் மாதவியிடம் அவள் தாய் சித்திராபதி தோழியை அனுப்புகிறாள். கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டு மனமுடைந்து அறவண அடிகள் காலில் விழுந்ததை மாதவி அந்தத் தோழியிடம் சொல்கிறாள். அடிகள் அவளுக்கு ஆறுதல் சொல்லவில்லை. விதி என்றும் சொல்லவில்லை. பிறப்பெடுத்தவர் அடைவது துன்பம், பிறவாதார் அடைவது பேரின்பம், முன்னது பற்றினால் வருவது, பின்னது பற்று அற்றோர்க்கு உரியது என்ற கருத்தை நான்கே அடிகளில் உணர்த்தி, ஐந்து சீலங்களையும் அவற்றைக் கடைப்பிடிக்கும் முறையையும் கூறுகிறார். சாரநாத்தில் முதல் ஐந்து சீடருக்குப் புத்தர் சொன்ன நான்கு வாய்மைகள் இவைதாம்: துக்கம், அதன் தோற்றம், அதன் நிரோதம், நிரோதத்துக்கான வழி. நோய், நோய்முதல், தணிதல், மருந்து என்ற வரிசை. ஒரு கணிகையின் துயரத்துக்கு இதை மருந்தாகத் தந்ததில் சாத்தனாரின் தெளிவு தெரிகிறது. இது உலகம் எல்லாம் சோகமயம் என்ற புலம்பலே அல்ல. புத்தர் சொன்ன துக்கத்தில் இன்பமும் அடக்கம். மாறிப்போகும் எதையும் நிலையாகப் பிடித்துவைக்க முடியாது என்பதே அதன் உட்பொருள்.

நான்கு வாய்மையின் நடு எலும்பு சார்பு. பாலியில் படிச்ச சமுப்பாதம், அதாவது ஒன்றைச் சார்ந்து இன்னொன்று எழுதல். இது இருந்தால் அது உண்டாகும், இது நின்றால் அது நிற்கும். யாரும் படைக்கவில்லை, தானாகவும் வந்துவிடவில்லை, முன்பே எழுதிவைத்ததும் இல்லை. வஞ்சியில் மணிமேகலை கேட்ட பத்து வாதங்களில் சில எல்லாம் இறைவன் செயல் என்றன, ஆசீவகம் எல்லாம் ஊழ் என்றது, பூதவாதம் உடல் அழிந்தால் எல்லாம் அழிந்தது என்றது. அவை அனைத்துக்கும் விடையாகத்தான் 30ஆம் காதை வருகிறது என்று படித்தால் காவியத்தின் கட்டமைப்பே புதிதாகத் துலங்கும்.

பன்னிரு சார்புகளுக்குச் சாத்தனார் தரும் பெயர்களை நிதானமாகப் பார்க்க வேண்டும். அவிஜ்ஜா என்பது அவரிடம் பேதைமை. சங்காரம் செய்கை. விஞ்ஞாணம் உணர்வு. நாமரூபம் அருவுரு: அருவாகிய மனமும் உருவாகிய உடலும் ஒட்டி நிற்பது. ஐம்பொறியும் மனமும் ஆகிய ஆறு ஆயதனங்கள் வாயில். பொறி பொருளைத் தொடுவது ஊறு. தொட்டதால் எழும் வேதனா என்பது நுகர்வு. அதிலிருந்து வேட்கை, வேட்கையிலிருந்து பற்று, பற்றிலிருந்து பவம், பவத்திலிருந்து தோற்றம், தோற்றத்திலிருந்து வினைப்பயன். கடைசிக் கண்ணியைப் பாலி நூல்கள் மூப்பு, சாவு, துயரம் என்று விரிக்கும். இந்தப் பன்னிரண்டையும் நான்கு கண்டங்களாகவும் மூன்று காலங்களாகவும் பகுத்துக் காட்டுவதும் சாத்தனாரிடம் உண்டு. அது உரைமரபு சேர்த்த ஒழுங்கு. இங்கே நமக்கு அவசரமில்லை.

இந்தச் சங்கிலியில் நின்று பார்க்கவேண்டிய இடம் நுகர்வும் வேட்கையும் சேரும் மூட்டு. பாலி வேதனா என்பது துன்பத்தை மட்டும் குறிக்காது. இனியது, இன்னாதது, இரண்டும் அல்லாதது என்று மூவகை. தமிழில் வேதனை என்றதும் வலி மட்டும் நினைவுக்கு வருவதால், புதிய மொழிபெயர்ப்புகளைப் படிப்போர் இந்த இடத்தில் பௌத்தத்தையே தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நுகர்வு என்ற சொல்லில் அந்தக் கோணல் இல்லை. சம்யுத்த நிகாயத்தில் இரண்டு அம்புகள் பற்றிய சூத்திரம் ஒன்று உண்டு. பயிற்சியற்றவனுக்கு உடலில் வலி வந்தால் அது முதல் அம்பு; அதற்காக அவன் அரற்றிக் கலங்குவது தனக்குத் தானே எய்துகொள்ளும் இரண்டாம் அம்பு. பயிற்சி உள்ளவனுக்கும் முதல் அம்பு படும், இரண்டாவது படாது. நுகர்வு தடுக்க முடியாதது. வேட்கை தடுக்கக் கூடியது. பன்னிரு சார்பு என்ற பெரிய சக்கரத்தில் மனிதன் கை வைத்து நிறுத்தக்கூடிய இடம் அது ஒன்றுதான். சதி என்று பாலியிலும் கடைப்பிடி, நினைவு என்று தமிழிலும் சொல்லக்கூடிய விழிப்பு காவல் நிற்க வேண்டியதும் அங்கேதான்.

அடுத்தது பற்று. பாலியில் உபாதானம் என்றால் இறுகப் பிடித்தல். நெருப்புக்கு இரையாகும் விறகுக்கும் அதே பெயர். புத்தர் இந்த இரட்டைப் பொருளை வேண்டுமென்றே பயன்படுத்தினார். கண் எரிகிறது, காண்பது எரிகிறது, ஆசை, வெறுப்பு, மயக்கம் என்ற தீயால் எரிகிறது என்று கயாவில் அவர் சொன்ன பேருரை இதை வைத்தே ஓடுகிறது. மொழிமாற்றுவோருக்குப் பல மொழிகளில் இது சிக்கல்; ஒன்றைப் பிடித்தால் மற்றது நழுவும். தமிழுக்கு அந்தச் சிக்கல் இல்லை. கை பற்றுகிறது, மனம் பற்றுகிறது, தீயும் பற்றுகிறது. அதன் எதிர்முனையும் அப்படியே. நிர்வாணத்தின் பாலி வடிவமான நிப்பானம் என்றால் அணைந்துபோதல். விளக்கு அவிகிறது, ஐம்புலனையும் அவிக்கிறோம். பற்றுதலும் அவிதலும் ஆகிய இரண்டு வினைச்சொல்லும் கையில் இருந்தால் புத்தர் சொன்னதன் முதலும் முடிவும் இருக்கின்றன. எங்கள் பக்கத்துக் கிழவியும் ‘அடுப்புப் பத்திக்கிச்சு’ என்பாள், ‘வெளக்கு அவிஞ்சுது’ என்பாள். அவளிடம் பாலி இலக்கணம் இல்லாமலே இதைப் பேசிவிடலாம்.

நிர்வாணத்தைச் சொர்க்கம் போன்ற ஓர் இடமாகவோ, வெறும் அழிவாகவோ கருதுவது இரண்டும் பிழை. வச்சகோத்தன் என்ற துறவி, விடுதலை பெற்றவர் செத்தபின் எங்கே பிறப்பார் என்று கேட்கிறார். உன் எதிரே எரிந்த தீ அவிந்தால் அது கிழக்கே போயிற்றா, மேற்கே போயிற்றா என்று புத்தர் திருப்பிக் கேட்கிறார். அந்தக் கேள்வியே பொருந்தாது என்கிறார் வச்சகோத்தன். விறகைச் சார்ந்து எரிந்தது. விறகு தீர்ந்தது, அவிந்தது. எரிந்தது ஆசையும் வெகுளியும் மயக்கமும். அவை அவிதலே நிப்பானம். அது உயிரோடு இருக்கும்போதே கைகூடுவது. புத்தருக்கு 35 வயதில் கைகூடியது, அதன்பின் 45 ஆண்டுகள் ஊர் ஊராக நடந்து அறம் சொன்னார்.

அனாத்தம் என்ற கருத்துதான் படிப்போரை அதிகம் திகைக்க வைப்பது. ஆன்மா இல்லையென்றால் மறுபிறப்பு யாருக்கு? புத்தர் தம் இரண்டாம் பேருரையில் செய்தது ஒரு சோதனை. ஆள் என்று நாம் சொல்வதை ஐந்து கந்தங்களாகப் பிரிக்கிறார். சாத்தனார் சொற்களில் உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, உள்ள அறிவு. ஒவ்வொன்றையும் எடுத்து, இது நிலையானதா, என் சொல்படி நிற்குமா என்று கேட்கிறார். நிற்காது. நிற்காததை என்னுடையது, நான், என் ஆன்மா என்று சொல்வது தகுமா? தகாது. அவ்வளவே வாதம். சென்னிமலைத் தறியில் பாவும் ஊடையும் சேர்ந்து போர்வையாகின்றன. நூலை ஒவ்வொன்றாக உருவிவிட்டால் போர்வை என்ற தனிப்பொருள் எதுவும் மிஞ்சாது. ஆனால் நூல் பின்னியிருக்கும்வரை போர்வை பொய்யல்ல, குளிரைத் தாங்கும். ஆளும் அப்படித்தான். வஜிரா என்ற பிக்குணி இதையே தேர் என்ற உவமையால் சொன்னார்: உறுப்புகள் சேர்ந்தபோது தேர் என்ற வழக்கு. ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றும்போது எந்தப் பொருளும் இடம் மாறுவதில்லை, ஆனால் இரண்டாவது சுடர் முதலாவதைச் சார்ந்தே எரிகிறது. மறுபிறப்புக்கு மிலிந்த மன்னனிடம் நாகசேனர் தந்த விளக்கம் இது. மீண்டும் சார்புதான். எல்லாம் என்றும் உண்டு என்ற முனையையும், எல்லாம் அற்றுப்போகும் என்ற முனையையும் விட்டு நடுவே போவதால் இதற்கு நடுவழி என்று பெயர்.

வினை பற்றிக் கொங்குக்காரர் தனியாகவே படிக்க வேண்டும். காரணம், நம் மண்ணின் பழைய சமயமான சமணத்தோடு புத்தர் மோதிய முக்கியமான களம் அது. சமணத்தில் வினை என்பது உயிரின்மேல் ஒட்டும் நுண்ணிய அணுத்திரள். எண்ணத்துக்கு அங்கும் பங்கு உண்டு, ஆனால் ஒட்டியதைத் தவத்தால் உதிர்க்க வேண்டும். புத்தர் எண்ணமே வினை என்றார். நினைத்துத்தான் மனிதன் உடலாலும் வாக்காலும் மனத்தாலும் செய்கிறான் என்பது அவர் விளக்கம். சாத்தனார் தரும் பத்துத் தீவினைப் பட்டியல் இந்த முப்பகுப்பை அப்படியே பின்பற்றும்: உடலில் கொலை, களவு, காமம், சொல்லில் பொய், குறளை, கடுஞ்சொல், பயனில்சொல், உள்ளத்தில் வெஃகல், வெகுளல், பொல்லாக் காட்சி. பிறர்பொருளுக்கு ஏங்குவது, சினம், தவறான பார்வை ஆகிய மூன்றும் கொலையோடு ஒரே பட்டியலில் நிற்கின்றன என்பது கவனிக்கத்தக்கது.

மஜ்ஜிம நிகாயத்தின் உபாலி சூத்திரம் நாளந்தாவில் நடந்த ஒரு வாதத்தைச் சொல்கிறது. உபாலி செல்வந்தர், நிகண்டர் எனப்பட்ட சமணத் துறவிகளின் இல்லறச் சீடர். உடலால் செய்வதே பெருங்குற்றம் என்று நிலைநாட்டிவிட்டு வருகிறேன் என்று புத்தரிடம் போகிறார். புத்தர் கேட்கிறார்: எல்லாக் கட்டுப்பாடும் உள்ள நிகண்டர் நடக்கும்போது சிற்றுயிர்கள் பல மிதிபட்டுச் சாகின்றனவே, அதற்கு உங்கள் ஆசான் என்ன பயன் சொல்கிறார்? நினையாமல் செய்தது பெருங்குற்றம் இல்லை என்கிறார் உபாலி. நினைத்துச் செய்தால்? பெருங்குற்றம். நினைப்பு எந்த வகையில் சேரும்? மனத்தில். வாதத்தின் முடிச்சு அங்கே அவிழ்கிறது. உபாலி புத்தரின் சீடராக விரும்புகிறார். புத்தர் அவரை அவசரப்படுத்தவில்லை. நன்கு ஆராய்ந்து முடிவெடுங்கள், உங்களைப் போன்றோர்க்கு அது நல்லது என்கிறார். நெடுங்காலம் உங்கள் வீடு நிகண்டர்களுக்கு நீர்த்துறையாக இருந்தது, அவர்கள் வந்தால் சோறிடுவதை நிறுத்திவிடாதீர்கள் என்றும் சொல்கிறார். சமயச் சண்டைகள் மலிந்த காலத்தில் இந்தச் சூத்திரத்தைப் பள்ளிப் பாடத்தில் வைக்கவேண்டும் என்று நான் நினைப்பதுண்டு.

இத்தனை சொற்களும் தமிழில் இருந்தும் எப்படித் தொலைந்தன? உ.வே. சாமிநாதையர் சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஐயம் கேட்க கும்பகோணத்தில் சமணக் குடும்பங்கள் இருந்தன. மணிமேகலைக்கு வந்தபோது கேட்க ஒரு தமிழ்ப் பௌத்தரும் இல்லை. மளூர் ரங்காசாரியார் பௌத்த நூல்களைப் பற்றிய ஆங்கிலப் புத்தகங்களைப் படித்து அவருக்கு எடுத்துச் சொன்னார். 1898இல் நூல் வெளிவந்தபோது புத்த சரித்திரம், பௌத்த தருமம், பௌத்த சங்கம் என்று மூன்று பகுதிகளை ஐயர் சேர்த்துத் தந்தார். தமிழில் பிறந்த காவியத்தின் கலைச்சொற்களுக்குப் பொருள் காண ஐரோப்பாவைச் சுற்றிவர வேண்டியிருந்தது என்பது நம் வரலாற்றின் பெரிய இழப்புக்குச் சான்று. ஐயரும் ரங்காசாரியாரும் அந்தச் சுற்றுவழியை நடந்தே தீர்த்தார்கள்; அவர்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது.

அதே 1898இல் இன்னொருவர் வேறு திசையிலிருந்து இதே இடத்துக்கு வந்தார். அயோத்திதாசப் பண்டிதர் இளமையில் நீலகிரியில் வாழ்ந்தவர். 1868இல் தனியாகப் பிரிக்கும்வரை நீலகிரி கோயம்புத்தூர் மாவட்டத்தின் பகுதி. 1870களில் அங்கே அத்வைதானந்த சபையை ஏற்படுத்தினார். 1891இல் உதகையில் திராவிட மகாஜன சபையைக் கூட்டினார். 1898இல் பிரம்மஞான சபைத் தலைவர் ஆல்காட்டோடு கொழும்பு சென்று சுமங்கல நாயக தேரரிடம் பஞ்ச சீலம் ஏற்றுத் திரும்பிச் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907 ஜூன் 19இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழ் வெளிவந்தது. அடுத்த ஆண்டு ‘தமிழன்’ ஆயிற்று. 1914இல் அவர் மறையும்வரை வாரந்தோறும் பௌத்தச் சொற்களுக்குத் தமிழிலேயே பொருள் எழுதினார். நிகண்டும் நீதி நூலும் மணிமேகலையும் வழக்குச்சொல்லும் அவருக்குச் சான்றுகள். பண்டிகை, ஊர்ப்பெயர், சாமிப்பெயர் எல்லாவற்றுக்கும் அடியில் புத்தரைத் தேடினார்.

அவருடைய சொற்பிறப்பு விளக்கங்களில் பலவற்றை மொழியியலாளர் ஏற்கமாட்டார்கள், நானும் ஏற்கவில்லை. ஆனால் அவர் எதைச் செய்யத் துணிந்தார் என்பதைப் பார்க்க வேண்டும். சாதியால் தள்ளிவைக்கப்பட்ட மக்களிடம், உங்கள் வீட்டுப் பேச்சிலேயே அறநெறி இருக்கிறது, அதற்கு யாரிடமும் கையேந்த வேண்டாம் என்றார். பிறப்பால் உயர்வு தாழ்வு என்பதற்குச் சார்பு என்ற கருத்தில் இடமே கிடையாது. வினை என்பது எண்ணமானால் குலத்தில் ஒட்டிவரும் அழுக்கு என்று எதுவும் இல்லை. புத்தர் வசலன் (இழிந்தவன்), பிராமணன் என்ற இரண்டையும் செயலால் மட்டுமே வரையறுத்ததை அயோத்திதாசர் தம் வாழ்வின் நடுவில் வைத்துப் படித்தார். நூலறிவுக்காகப் படித்த பலருக்கு எட்டாத பொருள் அவருக்கு எட்டியதற்கு அதுவே காரணம்.

அவர் எழுத்துகள் ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ என்று ஞான. அலாய்சியஸ் தொகுப்பில் 1999இல்தான் பரவலாகக் கைக்கு வந்தன. மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘பௌத்தமும் தமிழும்’ 1940 முதல் கிடைக்கிறது. மணிமேகலைக்கு எளிய உரைகள் பல உண்டு. ஆதி பௌத்தத்துக்குள் நுழைய விரும்பும் ஒருவர் கதையை ஒத்திவைத்து முதலில் இரண்டாம் காதையையும் 30ஆம் காதையையும் படிக்கலாம். பிறகு பத்து வாதிகளையும் கேட்க 27ஆம் காதைக்குத் திரும்பலாம். பாலி நிகாயங்களின் மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வேதனை என்று வரும் இடத்தில் நுகர்வு என்றும், உபாதானம் என்று வரும் இடத்தில் பற்று என்றும், நிர்வாணம் என்று வரும் இடத்தில் அவிதல் என்றும் பென்சிலால் எழுதிக்கொண்டு படித்தால், மொழிபெயர்ப்பில் முறுக்கிக்கொண்டு நிற்கும் பல வாக்கியங்கள் தாமாகவே நேராகும்.